கிடாயின் கழுத்தில் போன ஏழு பதினாறு

சுக்கு,

உனக்கு எழுதச் சொல்லி உன் பெண்டாட்டிதான் என்னை உட்கார வைத்திருக்கிறாள். எனக்கொன்றும் ஆசை இல்லை. செத்து ஒன்றரை வருஷமாகக் கல்லறையில் கிடக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுகிற பைத்தியக்காரி நம் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரைக்கும் படித்த படிப்பு இதற்குத்தான் உதவுகிறது பார். பிலோமினா வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைக்கிறாள். இரண்டு முறம் புடைப்பதற்குள் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் மூன்றாவது முறத்துக்கு வந்துவிட்டாள், நான் இன்னும் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அதுவும் ஞானஸ்நானப் பெயர் இல்லை. பிறந்தபோது காய்ந்து சுருங்கிக் கிடந்தாய் என்று மருத்துவச்சி வைத்த பெயர். நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அவள் முறத்தை நிறுத்தாமலே "எழுதுங்க அத்த" என்கிறாள்.

சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபித்துக்கொள். பிலோவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பென்னாகரத்துக்காரர், மனைவியை இழந்தவர், மாவு மில்லில் வேலை. கோயிலில் மூன்று கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. சம்மதம் சொன்ன முதல் ஆள் நான்தான். இருபத்தாறு வயசுப் பெண்ணை, மடியில் ஒரு பிள்ளைகூட இல்லாதவளை, எனக்குக் களி கிண்டிப் போடுவதற்காகவா வைத்துக்கொள்ள முடியும்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் அண்ணன் வந்து அழைத்துப் போகிறான். உன் சாமான் எல்லாம் இருக்கிறதே, என்ன வேண்டுமோ எடுத்துக்கொள் என்றேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த இங்கிலீஷ் பெட்டி. பச்சைத் தகரப் பெட்டியில் நட்டுக் கழற்றுகிற இரும்புக் குழல்கள் சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் அண்ணன் தம்பி மாதிரி வரிசையாக நிற்குமே, நடுவில் ஒரு ஓட்டை மட்டும் காலியாக இருக்குமே, அதுதான். அதைக் கொடுக்கும்போதுதான் இத்தனை வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அவளிடம் சொன்னேன். இப்போது அவள் பெட்டியைத் தொடமாட்டேன் என்கிறாள். நான் சொன்னதை உனக்கு எழுத வேண்டுமாம். எழுதினால்தான் பெட்டி போகும், அவளும் மனசாறப் போவாள்.

சரி, எழுதிவிட்டேன். அந்தக் காலி ஓட்டையில் நிற்க வேண்டிய ஏழு பதினாறு அளவுக் குழலைப் பிலோ தொலைக்கவில்லை. நான்தான் தொலைத்தேன்.

அவ்வளவுதானே என்று காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இத்தினியூண்டு எழுதுனா ஆச்சுங்களா? மூணு வருசம் நான் பட்டது மூணு வரியா? நடந்தத எல்லாம் எழுதுங்க" என்றாள். எட்டாவது வரைக்கும் படித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாய் அல்லவா, அனுபவி என்று சொல்லலாம் என்றால் அனுபவிக்க வேண்டியவன் நீ இல்லை. நான்தான் இருக்கிறேன்.

நடந்ததைச் சொல்வதென்றால் உன்னிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தருமபுரி மெயின் ரோட்டில் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தாய், சந்தோஷம். சேர்ந்தவன் நாலு காசைக் கொண்டுவந்து வீட்டுக்கு ஓடு மாற்றினாயா? பழைய இரும்பு வாங்கினாய். காரிமங்கலம் சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பாரே, பாதி கன்னடம் பாதி தமிழாகப் பேசுகிற இரும்புக்காரர், அவர் உனக்குச் சொந்த மாமன் மாதிரி ஆகிவிட்டார். ஒருநாள் என்னைப் பார்த்து, "பொண்ணு பாக்கப் போனாக்கூட உங்க மகன் இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்கமாட்டாருங்க அம்மா" என்றார். கட்டிலுக்கு அடியில் பெட்டி. குதிருக்கு மேலே பெட்டி. மாதா சுரூபம் இருந்த மாடத்தில், மாதாவின் காலடியில், ஒரு ராச்செட்டு. நான் அதைப் பாக்ஸ் ஸ்பேனர் கைப்பிடி என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். "கைப்பிடி இல்லம்மா, ராச்செட்டு" என்பாய். குடும்ப ஜெபமாலை சொல்லும்போது நீ மடியில் அதை வைத்துக்கொண்டு டிக்கி டிக்கி டிக்கி என்று திருப்புவாய். அருள் நிறைந்த மரியே என்று நான் ஆரம்பித்தால், "இதுக்கு இருபத்தி நாலு பல்லும்மா, சத்தத்திலேயே தெரியுது" என்பாய். மாதா உன்னை மன்னித்திருப்பாள். நான் அன்றைக்கு மன்னிக்கவில்லை.

அது வேலைக்கு உதவுகிற சாமானாக இருந்தாலும் பரவாயில்லை. ஷெட்டுக்கு வருகிற புது வண்டிக்கெல்லாம் மில்லிமீட்டர் அளவு, இது இங்கிலீஷ்காரன் அங்குல அளவு, எந்த நட்டிலும் சேராது என்று நீயே சொன்னாய். பக்கத்துத் தோட்டத்து ஆயில் என்ஜின் ஒன்றுக்குத்தான் சேரும். அதையும் அவர்கள் கரண்டு மோட்டார் வந்ததும் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அப்புறம் எதற்கடா இதை எண்ணெய் போட்டுத் துடைக்கிறாய் என்று கேட்டால், ஒன்றை எடுத்து என் கையில் வைப்பாய். "கனத்தப் பாரும்மா. மேல எழுதியிருக்கிற நம்பரு நட்டோட அளவு இல்ல, உள்ள இருக்கிற போல்ட்டோட அளவு. வெளிய பாத்தாத் தெரியாது" என்பாய். அப்படி எழுதி வைத்தவன் எவன், அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டேன். நீ சிரித்தாய். நீ சிரித்தாய் என்பதற்காகவே அந்த வாரமும் உன்னைச் சந்தைக்கு விட்டேன். பிள்ளையை வளர்ப்பதில் நான் செய்த தப்பு அதுதான். சிரித்தால் விட்டுவிடுவேன்.

இன்னொரு தப்பையும் எழுதிவிடுகிறேன், இதைப் பிலோ எழுதச் சொல்லவில்லை. கிறிஸ்துமசுக்கு வீடு வெள்ளையடித்தபோது பித்தளைக் குடத்தையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தேன். கை ஓய்வதற்குள் உன் சாமானும் பளபளப்பாகட்டுமே என்று நாலு ராச்செட்டை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். நீ வந்து பார்த்தாய். எடுத்துத் திருப்பினாய். டிக்கி டிக்கி என்று எதுவும் கேட்கவில்லை. உள்ளே இருந்த கிரீஸ் முழுக்கப் போய், தண்ணீர் இறங்கி, இரண்டு நாளில் மூன்று அப்படியே இறுகிக்கொண்டுவிட்டன. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாய். காய்ச்சல் பிள்ளை பக்கத்தில் உட்காருவது போல. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ என்னைத் திட்டமாட்டாய். அதனால்தான் பின்னால் எல்லாம் வந்தது. என்னைத் திட்டாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவளைத் திட்டினாய்.

உனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். காரிமங்கலம் சந்தைக்கு அந்தக் கறுப்புக் கிடாயைக் கொண்டுபோக வேண்டும். முரட்டுக் கிடாய், தெரியுமே, முந்தின சந்தையில் எவனும் கிட்டேயே வரவில்லை. கழுத்தில் ஒரு மணி கட்டியிருந்தால் வீட்டில் செல்லமாக வளர்த்தது, சாதுவானது என்று நினைத்து வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது. மணிக்கு எங்கே போவது? நீ முந்தின நாள் அந்த இங்கிலீஷ் செட்டை மண்ணெண்ணெயில் கழுவிக் கிணற்றடியில் காகிதம் விரித்துக் காயப் போட்டிருந்தாய். காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிட்டு ஓடினாய். அதில் ஒன்றை எடுத்தேன். தலைப்பக்கம் சதுர ஓட்டை, கயிறு நுழைக்கிற மாதிரி. உள்ளே ஒரு ஆணியைத் தொங்கவிட்டேன். ஆட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம், சுக்கு. கடையில் விற்கிற மணிக்கு அந்தச் சத்தம் வராது. உன்னிடம்தான் டப்பா டப்பாவாக உதிரி கிடக்கிறதே, ஒன்று போனால் என்ன, சாயங்காலம் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். அது உதிரி இல்லை, செட்டில் நடுவில் நிற்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எல்லாம் ஒரே குழல்தான்.

ஆட்டு வரிசையில் நின்ற அரை மணிக்குள் பாலக்கோட்டு வியாபாரி ஒருத்தர் கிடாயைப் பிடித்துவிட்டார். மணியைக் கழற்றப் போனேன். "மணியோடதான பேசுனோம், அதுல கை வைக்காதீங்க" என்று கயிற்றை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் ஓடிப்போய்ப் பிடுங்கவில்லை. கிடாய் போனதே பெரிது என்று வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் வீட்டுக்குள் வரும்போதே நீ கத்திக்கொண்டிருந்தாய். காகிதத்தில் எட்டு இருக்க வேண்டியது ஏழு இருக்கிறது. காலையில் கிணற்றடி கூட்டியவள் பிலோ. கட்டிக்கொண்டு வந்து மூன்றே மாதமான பெண். எதிர்த்துப் பேசத் தெரியாமல் விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "கண்ணு எங்க இருந்திச்சி உனக்கு? குப்பையும் சாமானும் ஒண்ணா?" என்று நீ கேட்கிறாய். வாயில் வெற்றிலையோடு நான் நடுவில் நிற்கிறேன். துப்பிவிட்டுச் சொல்லலாம் என்று வெளியே போனேன். துப்பினேன். திரும்பி வரும்போது நீ சட்டையை மாட்டிக்கொண்டு குப்பைக்குழியைக் கிளறப் போய்விட்டாய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. ஒருநாள் கழித்துச் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்பாய். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் அவள் ஒரு மாதமாக வாங்கிய திட்டுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன், இதைப் படித்தால் பிலோ என்ன செய்வாளோ தெரியவில்லை. புதிதாக வந்தவளை நீ கொஞ்சம் திட்டியது எனக்கு அப்போது வலிக்கவில்லை. அதுவரைக்கும் நீ அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் நீ அலைந்த அலைச்சல் ஊருக்கே தெரியும். சேலத்துக்குப் போனாய், ஓசூருக்குப் போனாய், பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைக்குப் போனாய். பூசையை விட்டுவிட்டுப் போனாய். ஏழு பதினாறு கிடைக்கும், ஆனால் வேறு கம்பெனி என்பாய். அதே கம்பெனி கிடைக்கும், ஆனால் ஐந்து பதினாறு என்பாய். ஒரு ஓட்டைக்காக இன்னும் மூன்று செட்டு வாங்கி வந்தாய். அதிலும் ஒவ்வொன்றில் ஒவ்வொரு ஓட்டை. பங்குச்சாமி வீட்டில் கலர் டி.வி. வந்தபோது ஊரே போய்ப் பார்த்தது. நீ கட்டிலுக்கடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தாய். கடைசித் தடவை பெங்களூருக்குக் கிளம்பியபோது உன் கண் மஞ்சளாக இருந்தது. வழியை மறித்து நின்றேன். காமாலை மாதிரி தெரிகிறது, ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். "ஒரு ஆளு எடுத்து வச்சிருக்கேன்னு சொல்லியிருக்கான்ம்மா, காலைல போனா பொழுதோட வந்துடுவேன்" என்றாய். சிரித்தாய். விட்டுவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே உன்னால் நிற்க முடியவில்லை. பையில் இருந்தது வேறு அளவு. தருமபுரியில் பார்த்து, சேலத்துக்குக் கொண்டுபோய், எல்லாம் செய்தோம். பதினோராம் நாள் உன்னை ஜீப்பில் கொண்டுவந்தோம். அந்த நேரத்திலாவது நான் பிலோவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் உன் பெட்டி மேல் தலையை வைத்துக்கொண்டு, என்னால்தானே, என்னால்தானே என்றுதான் அழுதாள். அழட்டும், அழுதால் பாரம் குறையும் என்று பக்கத்து வீட்டுப் பொம்பளைகளிடம் சொன்னேன். என் வாயில் புழு வைக்க வேண்டாமா?

போன மாதம் ஓலை வாசித்தார்கள். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பங்குக் குருவிடம் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் சொன்னதும் எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. என்னைத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. இரண்டாவது ஓலைக்கும் அப்படியே. மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டேன். சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கிடாயத் திருடினீங்களாம்மா?" என்றார். இல்லைங்க சாமி, என் கிடாய்தான், கழுத்தில் கட்டினதுதான் மகனுடையது என்றேன். மணியா என்றார். மணி இல்லை, நட்டுக் கழற்றுகிற குழல் என்றேன். உள்ளே தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்கினாரோ என்னவோ. அப்புறம், அந்தக் குழல் கிடக்கட்டும், திட்டு வாங்கின பிள்ளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். மூன்று அருள் நிறைந்த மந்திரமும், அவளிடம் சொல்லிவிடுவதும்தான் அபராதம். மந்திரத்தை அங்கேயே முழங்காலில் சொல்லி முடித்துவிட்டேன். மற்றதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

காலையில் சொன்னேன். பிலோ அழவில்லை, கத்தவில்லை. எழுந்துபோய்த் துவைத்த துணியையே மறுபடியும் கல்லில் போட்டு அடித்தாள். போர்வை கிழிந்துவிட்டது. அப்புறம் வந்து, "என்னாண்ட சொன்னாப் போதாதுங்க அத்த. அவுரு என்னத் திருடி மாதிரி பாத்துட்டுப் போயிட்டாரு. அவுருக்குச் சொல்லுங்க" என்றாள். எப்படியடி சொல்வது என்றேன். "எழுதுங்க. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் குடுக்குறீங்க இல்ல?" என்றாள்.

ஆகவே எழுதியிருக்கிறேன். உனக்குப் புத்தி சொல்லலாம் என்றால் காலம் கடந்துவிட்டது, இருந்தாலும் சொல்லாமல் போனால் என் நெஞ்சு ஆறாது. வீட்டில் ஒரு பொருள் காணோம் என்றால் முதலில் பெற்றவளைக் கேட்க வேண்டும். வாய் பேசாத புதுப்பெண்ணைக் கேட்பது சுலபம் என்பதற்காக அவளைக் கேட்கக்கூடாது. கண் மஞ்சளானால் இரும்புச் சந்தைக்குப் போகக்கூடாது. அம்மா வழியை மறித்தால் சிரிக்கக்கூடாது.

இதுவரைக்கும் எழுதிப் பிலோவிடம் கொடுத்தேன். முறத்தைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் படித்தாள். நீ திட்டியது எனக்கு வலிக்கவில்லை என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "நானும் ஒரு பொய் சொல்லியிருக்கேன்ங்க. அதையும் எழுதிடுங்க" என்றாள். தினமும் தட்டில் சோற்றை வைத்தால் நீ அதைப் பற்றியே கேட்பாயாம். ஒருநாள் ஆத்திரத்தில், ஆமாம், தண்ணீர் சேந்தும்போது கை தட்டிக் கிணற்றில் விழுந்துவிட்டது, பயந்துகொண்டு சொல்லவில்லை என்று சொல்லிவிட்டாளாம். அதற்கப்புறம் திட்டே இல்லையாம். ஆனால் பேச்சும் இல்லையாம்.

சுக்கு, எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தக் கோடையில், தண்ணீர் அடியில் கிடந்தபோது, நீ இரண்டு நாள் கிணற்றில் இறங்கி அதைத் தேடித்தான் சேறு அள்ளினாய். யாரும் சொல்லாமலே கிணறு தூர்வாருகிறான் என் மகன் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். இரண்டாம் நாள் பொழுது சாய மேலே ஏறி வந்தாய். இடுப்பு வரைக்கும் சேறு. நான் குடத்தில் தண்ணீர் ஊற்ற, நீ காலைத் தேய்த்துக் கழுவினாய். இரும்புக்காரர் அன்றைக்கு அந்தப் பக்கம் வந்திருந்தார், கிணற்று மேட்டில் நின்று வெகுநேரம் உன்னிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். சந்தையில் அவர் சாக்கு விரிக்கிற இடம் ஆட்டு வரிசைக்கு நேர் எதிரில், கிடாயின் கழுத்தில் தொங்கியது அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. இதை எழுதும்போதுதான் எனக்கே அது நினைவுக்கு வருகிறது.

"அம்மா, நம்ம கறுப்புக் கெடாவ யாருக்கு வித்த?" என்று கேட்டாய்.

பாலக்கோட்டு வியாபாரிக்கு, எதுக்குடா என்றேன். சும்மாதான் என்றாய். மறு காலை நீட்டினாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன். குடம் காலியாகும்வரை நீ நின்றாய், வேறு எதையும் கேட்கவில்லை. நானும் எதையும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அதே ஏழு பதினாறுக்காகப் பஸ் ஏறிக்கொண்டே இருந்தாய். பிலோ பெட்டியை எடுத்துத் தன் துணிமூட்டையோடு வைத்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், உனக்கு எழுத வேண்டியதையும் எழுதிவிட்டேன். நான் கேட்பது இது ஒன்றுதான். அன்றைக்கு நீ தெரிந்துகொண்டுதான் கேட்டாயா, சுக்கு?